மானும் ஓப்பன் சைட் துப்பாக்கியும்: டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மன்னார்குடிப் பக்கத்து ஆள். காகிதக் குறியில் ஏர் ரைஃபிள் சுட்டுப் பழகுகிறவன். நேரம் கிடைத்தால் கோடியக்கரை சரணாலயத்துக்குப் போய் வெளிமான் (முறுக்குக் கொம்புள்ள ‘பிளாக்பக்’) பார்க்கிறவன். இந்த இரண்டும் தெரிந்தவன் என்பதால் கல்யாணப் பந்தியிலும் டீக்கடை பெஞ்சிலும் வந்து விழும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, கீழே பதில் கொடுத்திருக்கிறேன்.

டீர் ஸ்டாக்கிங்னு இங்கிலீஷ் சேனல்ல காட்டுறாங்களே, அது நம்ம ஊர் வேட்டைதானே?

வேட்டைதான், ஆனால் அதில் ஒரு வகை. ஆள் கூட்டிக் கலைப்பது, பரணில் உட்கார்ந்து காத்திருப்பது, நாயை ஏவுவது எல்லாம் இதில் சேராது. ஒருவரோ இருவரோ கால்நடையாகப் போய், மானைத் தூரத்திலேயே கண்டு, காற்றையும் மறைவையும் பார்த்துப் பதுங்கிப் பதுங்கி நெருங்கி, ஒரே தோட்டாவில் முடிப்பார்கள். ஸ்காட்லாந்து மலைகளிலும் நியூசிலாந்துக் காடுகளிலும் இது இன்றும் சட்டப்படி நடக்கிறது. அங்கே ஓநாய், புலி மாதிரி மானை அடிக்கும் விலங்கு கிடையாது. மான் பெருகினால் இளங்கன்று மரங்கள் மிஞ்சாது.

ஓப்பன் சைட்னா என்ன? எங்க தாத்தா துப்பாக்கியில இருக்கே, அதுவா?

குழலின் முன்முனையில் ஒரு சின்ன முள் நிற்கும், அது ஃபோர்சைட். கண்ணுக்குக் கிட்டே ஒரு தகட்டில் ‘வி’ அல்லது ‘யு’ வடிவப் பள்ளம் இருக்கும், அது பேக்சைட். பள்ளத்தின் நடுவில் முள்ளை நிறுத்தி, முள்ளின் தலையைக் குறியில் வைத்துச் சுடுவது ஓப்பன் சைட். கண்ணாடி வில்லை எதுவும் கிடையாது. என்சிசியில் இருந்தவர்களுக்கு இது பழைய சங்கதி.

தாத்தா வைத்திருந்தது ‘பன்னிரண்டு போர்’ (12 bore) என்கிற ரெட்டைக்குழல் ரவைத் துப்பாக்கி என்றால் அதில் ஓப்பன் சைட்டே இல்லை. முனையில் பாசிமணி போல ஒரு குமிழ் மட்டும் இருக்கும். ரைஃபிள் என்றால், நம் நாட்டில் லைசென்ஸ்காரர்களிடம் பரவலாக இருப்பது இஷாப்பூர் தொழிற்சாலையின் பாயிண்ட் 315 (இந்த எண் குழல் துளையின் அளவு, அங்குலத்தில்). ராணுவத்தின் பாயிண்ட் 303 தனியாருக்குத் தடை செய்யப்பட்ட அளவு என்பதால் வந்த மாற்று அது. அதில் நான் மேலே சொன்ன முள்ளும் பள்ளமும் உண்டு.

சரி, அந்த ரைஃபிளை வச்சு இங்க மான் சுடலாமா?

கூடாது. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 9-ம் பிரிவு, அந்தச் சட்டத்தின் அட்டவணைகளில் பட்டியலிட்ட விலங்குகளை வேட்டையாடுவதைத் தடை செய்கிறது. வெளிமான் முதல் அட்டவணையில் இருக்கிறது. புள்ளிமான் 2022 திருத்தத்துக்குப் பிறகு இரண்டாம் அட்டவணையில். சொந்த வயல், சொந்தத் தோப்பு, லைசென்ஸ் உள்ள துப்பாக்கி என்பதெல்லாம் இதில் எடுபடாது.

வெளிமானைச் சுட்டாலோ, சரணாலயத்துக்குள் எந்த மானைச் சுட்டாலோ குறைந்தபட்சம் மூன்று ஆண்டு சிறை, அதிகபட்சம் ஏழு ஆண்டு, கூடவே அபராதம். துப்பாக்கியும் போன வண்டியும் பறிமுதலாகும். ஆயுத லைசென்ஸை ரத்து செய்ய நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, அப்புறம் ஐந்து ஆண்டுக்குப் புது லைசென்ஸ் கிடைக்காது.

சும்மா விரட்டிப் பார்த்தோம், சுடலையே?

சட்டத்தில் ‘வேட்டை’ என்பதற்குள் கொல்வது மட்டும் இல்லை. விரட்டுவது, இரை வைத்து வரவழைப்பது, கண்ணி வைப்பது, காயப்படுத்துவது, இவற்றுக்கு முயல்வது எல்லாமே அடங்கும். சரணாலயத்துக்குள் எழுத்து அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு நுழைவதே தனிக் குற்றம். ‘குறி மட்டும் பார்த்தேன் சார்’ என்று சொல்லித் தப்ப முடியாது.

ஏர்கன்னுக்கு லைசென்ஸே வேண்டாமே. அதால சின்ன மானை அடிக்கலாம்ல?

பாயிண்ட் 177 அளவு, குண்டின் வேகச் சக்தி 20 ஜூலுக்கு மேல் போகாத ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்பது சரி. லைசென்ஸ் விலக்கு துப்பாக்கிக்குத்தான், மானுக்கு இல்லை. மேலே சொன்ன சட்டம் கவணுக்கும் கண்ணிக்கும்கூடப் பொருந்தும்.

அதை விடுங்கள், இது கொடுமை. இங்கிலாந்தில் பெரிய மானைச் சுடும் ரைஃபிளுக்குச் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச வேகச் சக்தி 1700 அடி-பவுண்டு. நம் கணக்கில் அது ஏறக்குறைய 2300 ஜூல். 20 ஜூல் ரவை மானைக் கொல்லாது. தோலுக்கடியில் தங்கிச் சீழ் பிடித்து, பல நாள் கழித்து எங்கோ முள்ளுக்குள் விழவைக்கும்.

ஓப்பன் சைட்ல எவ்வளவு தூரத்துக்குச் சுடுவாங்க? சினிமாவுல மைல் கணக்குல சுடுறானே?

பழகின கை என்றாலும் மான் விஷயத்தில் 100 மீட்டருக்குள்தான். கணக்குப் போட்டால் காரணம் தானே தெரியும். பேக்சைட்டுக்கும் ஃபோர்சைட்டுக்கும் இடையே அரை மீட்டர் என்று வையுங்கள். பள்ளத்துக்குள் முள் ஒரு மில்லிமீட்டர் விலகி நின்றால் 100 மீட்டரில் தோட்டா 20 சென்டிமீட்டர் விலகும். முன்னங்காலுக்குப் பின்னே இதயமும் நுரையீரலும் இருக்கும் இடத்தின் அகலமே ஏறக்குறைய அவ்வளவுதான். ஒரு மில்லிமீட்டர் என்பது தபால் கார்டு மூன்று நான்கை அடுக்கின கனம். மூச்சு வாங்குகிறபோது, வியர்வை கண்ணில் இறங்குகிறபோது அதைப் பிடித்து நிறுத்த வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ஃபோர்சைட் முள் இரண்டு மில்லிமீட்டர் அகலம், கண்ணிலிருந்து 80 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்றால், 100 மீட்டரில் அது 25 சென்டிமீட்டரை மறைத்துவிடும். மானின் நெஞ்சே முள்ளுக்குப் பின்னால் போய்விடும். எங்கே சுடுகிறோம் என்பதே தெரியாது. அதனால்தான் ஓப்பன் சைட்காரனுக்கு வழி ஒன்றே ஒன்று, இன்னும் கிட்டே போவது. நியூசிலாந்தில் 1930 முதல் அரசாங்கம் சம்பளம் கொடுத்து மான் சுட ஆள் அனுப்பியபோது, அவர்கள் கையில் இருந்ததும் பெரும்பாலும் ஓப்பன் சைட் 303-தான். அந்த ஆட்களுக்குக் கண்ணைவிடக் காலும் மூக்கும்தான் வேலை செய்தன.

முள்ளைப் பார்க்கணுமா, பள்ளத்தைப் பார்க்கணுமா, குறியைப் பார்க்கணுமா? மூணும் ஒண்ணாத் தெரிய மாட்டேங்குதே?

ஒன்றாகத் தெரியாது. கண்ணால் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தில்தான் கூர்மையாகப் பார்க்க முடியும். முள் தெளிவாக இருக்க வேண்டும். பள்ளம் கொஞ்சம் மங்கும், குறி இன்னும் மங்கும், பரவாயில்லை. புதிதாக வருகிறவர்கள் எல்லோருக்கும் குறியைப் பார்க்கத்தான் ஆசை. குறி பளிச்சென்று தெரிகிறதென்றால் முள் விலகியிருப்பது கண்ணுக்குப் படவில்லை என்று பொருள். முந்தின பதிலில் சொன்ன 20 சென்டிமீட்டர் அங்கேதான் போகிறது.

வெளிச்சமும் ஏமாற்றும். வெயில் வலப்பக்கமிருந்து அடித்தால் முள்ளின் வலப்புறம் மட்டும் மின்னும். கண் அந்த மின்னலையே முள் என்று நினைத்து நடுவில் வைக்கும், தோட்டா இடப்பக்கம் போகும். பழைய ஆட்கள் மண்ணெண்ணெய் விளக்கின் புகையை முள்ளில் பிடித்துக் கரியாக்கிக்கொள்வதற்குக் காரணம் இதுதான். நானும் போட்டிக்கு முன் அப்படிச் செய்வதுண்டு; கை கறுப்பாகும், அவ்வளவுதான்.

எனக்கு நாப்பத்தெட்டு வயசு. முள்ளே ரெண்டாத் தெரியுது. துப்பாக்கியில கோளாறா?

துப்பாக்கியில் ஒன்றுமில்லை, வயதுதான். நாற்பதைத் தாண்டினால் கை நீளத்தில் இருப்பதைக் கண் கூராகப் பிடிக்காது. ஒரு காகிதத்தில் குண்டூசியால் துளை போட்டு, கண்ணாடி இல்லாமல் அந்தத் துளை வழியே பஞ்சாங்கத்தின் பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள், படிக்க வரும். பேக்சைட் பள்ளத்துக்குப் பதிலாகக் கண்ணருகே துளையுள்ள பீப் சைட் வைப்பதும் இதே தத்துவம்தான். ஒலிம்பிக் பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில் இருப்பது அந்தத் துளைதான். இல்லையென்றால் கண் மருத்துவரிடம் முள்ளின் தூரத்தைச் சொல்லி அதற்கென்று கண்ணாடி வாங்குங்கள்.

குண்டு எப்பவும் இடது பக்கமே போகுது. எதைத் திருப்புறது?

பேக்சைட்டைக் குண்டு போக வேண்டிய பக்கம் நகர்த்துங்கள்: இடப்பக்கம் விழுந்தால் வலப்பக்கம். ஃபோர்சைட்டை நகர்த்துவதானால் நேர்மாறு. ஆனால் முதலில், மேலே சொன்ன வெயில் விஷயத்தைச் சரிபாருங்கள். காலையில் இடப்பக்கமும் மாலையில் வலப்பக்கமும் போனால் திருகாணியைத் தொடாதீர்கள்.

ஸ்கோப் போட்டா இத்தனை தொல்லை இல்லையே. எதுக்கு ஓப்பன் சைட்?

உண்மைதான். ஸ்கோப் என்பது துப்பாக்கிமேல் மாட்டும் தொலைநோக்கி; அதில் குறியும் கோடும் ஒரே தளத்தில் தெரியும். மானைச் சுடச் சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் இப்போது பெரும்பாலோர் ஸ்கோப்தான் வைக்கிறார்கள். விலங்கு துடிக்காமல் சாக வேண்டும் என்று பார்த்தால் அதுதான் நியாயமும். ஓப்பன் சைட்டுக்கு நியாயம் என்றால் எடை குறைவு, கீழே விழுந்தாலும் கலையாது, மழையில் மங்காது. வேதாரண்யம் உப்புக்காற்றில் வில்லைக்குள் பூஞ்சை பிடிக்காமல் ஒரு லென்ஸை வைத்துக் காப்பாற்றினவருக்கு இது புரியும். ஓப்பன் சைட்தான் வீரம் என்று பேசுவது வெறும் பேச்சு. அடிபட்டு ஓடும் மானுக்கு உங்கள் வீரம் தெரியாது.

எனக்கு ஓப்பன் சைட்ல சுடத்தான் ஆசை. மான் வேண்டாம். எங்க போறது?

காகிதத்தைச் சுடுங்கள். டெல்டாக்காரர்களுக்குக் கிட்டே திருச்சி ரைஃபிள் கிளப் இருக்கிறது. 2022 ஜூலையில் நடிகர் அஜித் குமார் மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டிக்கு அங்கே வந்து சுட்டதிலிருந்து, ‘சார், அந்த இடம்தானே?’ என்றே எல்லோரும் கேட்கிறார்கள். அந்த இடமேதான். பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில் ஆரம்பியுங்கள். அந்தக் குறியின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். மான் நெஞ்சு எவ்வளவு பெரியது என்று அதைச் சுட்டுப் பார்த்தால் தெரியும்.

என் தம்பி நியூசிலாந்துல இருக்கான். அங்க மான் சுட்டுக் கறி சமைச்சேன்னு போட்டோ போடுறான். மாட்டிக்குவானா?

முறைப்படி செய்திருந்தால் மாட்டமாட்டான். அங்கே வௌவாலைத் தவிர சொந்தமாகத் தரைப் பாலூட்டியே கிடையாது. மான்கள் 19-ம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் வேட்டைக்காகக் கப்பலில் கொண்டுவந்து விட்டவை. அவை பெருகிக் காட்டையே தின்ன ஆரம்பித்ததால் மேலே சொன்ன 1930 ஏற்பாடு வந்தது. இப்போதும் துப்பாக்கி லைசென்ஸ் எடுத்து, அரசின் காடு காக்கும் துறையிடம் இலவச அனுமதிச் சீட்டு வாங்கினால் பொது நிலத்தில் சுடலாம்.

அவனிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: ஊருக்கு வரும்போது கொம்பையும் தோலையும் பெட்டியில் போட்டு எடுத்துவர வேண்டாம். விமான நிலையத்தில் பதில் சொல்ல முடியாது.

கோடியக்கரையில மானை ரொம்பக் கிட்ட பார்க்க முடியுமா? நாங்க போனா ஓடிடுது.

முடியும். ஸ்டாக்கிங்கின் முக்கால் பங்கு இதில்தான் இருக்கிறது, துப்பாக்கி அதில் கடைசி நொடி மட்டும். 1967-ல் சரணாலயமான இடம் அது. தமிழ்நாட்டில் வெளிமானைப் பார்க்கக் கிண்டி, வல்லநாடு போல இதுவும் பேர் பெற்றது. புள்ளிமானும் உண்டு, மட்டக்குதிரையும் உண்டு. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியபோது மரங்களோடு மானும் குதிரையும் நிறையச் செத்தன. அந்த அழிவைப் பார்த்தவர்கள், இன்று மேயும் கூட்டத்தைக் கொஞ்சம் அதிகமாகவே நின்று பார்ப்பார்கள்.

முதலில் காற்று. கரையில் நின்று ஒரு பிடி பொடிமணலை விட்டுப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாடை வீசினால் வடக்கிலிருந்து வரும். நீங்கள் தெற்கே நின்று பார்க்க வேண்டும். ஆடியில் கச்சான் அடித்தால் மேற்கிலிருந்து வருகிறது, கிழக்கே நில்லுங்கள். புள்ளிமானுக்கு மூக்கும் காதும் கூர்மை, உங்கள் சட்டையின் சோப்பு வாசனையே போதும். வெளிமான் வெட்டவெளி விலங்கு, அது முதலில் நம்புவது கண்ணை. வெள்ளை வேட்டி கட்டிப் போகாதீர்கள். மங்கின காக்கியோ பழுப்போ போதும். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் நல்லது.

ஸ்காட்லாந்தில் மலை மடிப்புக்குள் இறங்கி மறைந்து நெருங்குவார்கள். நம் புல்வெளியில் மடிப்பே கிடையாது, தோசைக்கல் மாதிரி தட்டை. வனத்துறை விட்ட பாதையை விட்டு இறங்கவும் கூடாது. அதனால் இங்கே வழி தலைகீழ்: நுழைவுச்சீட்டு வாங்கி, வழிகாட்டியோடு போய், பாதையோரம் முட்செடி நிழலில் உட்கார்ந்துவிடுங்கள். மேய்ந்துகொண்டே அவை உங்களிடம் வரும். தலை குனிந்திருக்கும்போது நீங்கள் அசையலாம். ஒன்று தலை நிமிர்த்தினால் நீங்கள் கல். நேருக்கு நேர் கண்ணைப் பார்க்காதீர்கள். ஒரு பெட்டை காதை முன்னால் மடக்கி உங்களையே பார்த்துக்கொண்டு, முன்னங்காலை மெதுவாகத் தூக்கி, கீழே வைக்காமல் நிற்கும். அந்தக் கால் தரையைத் தொட்டு அது மறுபடி மேயப் போனால் உங்களை விட்டுவிட்டது. அப்படியே மேலே எகிறினால் மொத்தக் கூட்டமும் வரிசையாகத் துள்ளிப் போய்விடும், பின்னால் ஓடாதீர்கள்.

கொம்பு முறுக்கின கறுப்பு மான்தானே கோடியக்கரையில? அது கொம்பு வருஷா வருஷம் விழுமாமே, பொறுக்கலாமா?

வெளிமானின் கொம்பு விழாது. எலும்பின் மேல் உறை போட்டதுபோல் வளரும், ஆயுள் முழுக்க இருக்கும். ஆணுக்கு மட்டும்தான் முறுக்குக் கொம்பு, வயது ஏற ஏற உடம்பும் கறுத்துப்போகும். விழுந்து முளைப்பது புள்ளிமானின் கிளைக்கொம்பு. விழுந்தது என்றாலும் பொறுக்கக் கூடாது, அது அரசுச் சொத்து. வீட்டுச் சுவரில் தாத்தா காலத்துக் கொம்பு மாட்டியிருந்தால் வனத்துறையின் உடைமைச் சான்று இருக்க வேண்டும். இருந்தாலும் விற்க முடியாது.

நாய் கடிச்சுச் செத்த மான் வயல்ல கிடக்கு. நாங்க கொல்லலையே, கறி போடலாமா?

கூடாது. செத்துக் கிடந்தாலும் அது அரசுடையது. வனத்துறைக்கோ காவல் நிலையத்துக்கோ சொல்லிவிடுங்கள். உயிரோடு கிடந்தால் கூட்டம் கூடித் தூக்காதீர்கள், தண்ணீரை வாயில் ஊற்றாதீர்கள். மான் காயத்தைவிடப் பயத்தில் சாகும். விரட்டிப் பிடித்த மான் தசை முறிந்து சில மணி நேரத்தில் போவதுண்டு. ஒரு துணியைக் கண்மேல் போட்டு, நாயை விரட்டி, ஆட்களைத் தள்ளி நிறுத்தினால் அதுவே பெரிய உதவி.

தாத்தா செத்துட்டார், துப்பாக்கி பீரோவில இருக்கு. என்ன பண்றது?

லைசென்ஸ் அவர் பெயரில் இருந்தது, அவரோடு முடிந்தது. காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். வாரிசு என்ற முறையில் உங்கள் பெயருக்கு விண்ணப்பிக்கலாம். அதுவரை பீரோவில் இருப்பது குற்றம்.

மான் நாத்தைத் தின்னுட்டுப் போகுது. பயிரைக் காக்கக்கூடச் சுட முடியாதா?

இங்கே மானின் வகை முக்கியம். சட்டத்தின் 11-ம் பிரிவுப்படி, இரண்டாம் அட்டவணை விலங்கு நிற்கும் பயிருக்கு ஆபத்து என்றால் தலைமை வனவிலங்குக் காப்பாளரோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ எழுத்துமூலம் அனுமதி தரலாம். புள்ளிமான் அதில் வரும். முதல் அட்டவணையில் உள்ள வெளிமானுக்குப் பயிர் காரணம் ஆகாது. மனித உயிருக்கு ஆபத்து, அல்லது மீட்க முடியாத ஊனமோ நோயோ இருந்தால்தான். ‘தரலாம்’ என்பது ‘தருவார்கள்’ ஆகாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேலி, இரவுக்காவல், இழப்பீட்டு மனு என்று அலைவதுதான் நடைமுறை.

உண்மையில் நம் பக்கம் வயலைக் கெடுப்பது பன்றியும் மயிலும் எலியும்தான், மான் கணக்கு கொஞ்சம். காட்டுப்பன்றிக்குத் தமிழக அரசு 2025 ஜனவரியில் ஒரு முறை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது, ஒன்றிலிருந்து மூன்று வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், மூன்றைத் தாண்டினால் வனத்துறையினர் சுடலாம். கவனியுங்கள், சுடுவது வனத்துறையினர். நீங்களோ நானோ இல்லை.

அனுமதியே கிடைச்சாலும் நம்ம வயல்ல ரைஃபிள் சுடுறது சரிதானா? யாரும் இல்லாத வெட்டவெளிதானே?

வெட்டவெளி என்பதுதான் சிக்கல். பாயிண்ட் 22 தோட்டா டப்பாவிலேயே ஒன்றரை மைல் வரை ஆபத்து என்று எச்சரிக்கை அச்சடித்திருக்கும். அதுவே சின்னத் தோட்டா. மலை நாட்டில் தவறின தோட்டாவை எதிர்மலை வாங்கிக்கொள்ளும். மன்னார்குடியிலிருந்து கடல்வரை நமக்கு அப்படி ஒரு மேடு கிடையாது, வரப்பு ஓரடி உயரம். அதைத் தாண்டினால் அடுத்த ஊர்க் களத்துமேடு, பம்புசெட்டு, ஆடு மேய்க்கிற பிள்ளை.

நீர் நிற்கும் நடவு வயல் இன்னும் மோசம். சாய்வாக விழுந்த தோட்டா தண்ணீரில் பட்டுத் தெறித்து, திசை மாறிப் போகும். அதனால் தட்டை நிலத்தில் பயிற்சி பெற்றவர்கள் பரண் மேலிருந்து, விலங்கு கிட்டே வந்த பிறகு, கீழ்நோக்கித்தான் சுடுவார்கள். தோட்டா ஈர மண்ணில் புதைய வேண்டும். அந்தி மங்கிவிட்டால் ஓப்பன் சைட்டில் முள்ளும் தெரியாது, பின்னால் யார் நிற்கிறார்கள் என்பதும் தெரியாது. அந்த நேரத்தில் தகரம் தட்டினால் போதும், மானும் போகும்.